தாச்சு

ஜெனீற்றா மண்டைதீவுக்கு வந்து சேர்ந்தது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சமாதான காலத்தில். ஊருக்குத் திரும்பி வந்தாள் என்று சொல்லலாம்தான். ஆனால் அந்தச் சொல் அவளுடைய தாய் கத்தரீனாவுக்குப் பொருந்தின அளவு அவளுக்குப் பொருந்தாது. தொண்ணூறாம் ஆண்டு வள்ளத்தில் ஏற்றும்போது அவள் முதலாம் வகுப்புப் பிள்ளை. அதற்குப் பிறகு அவள் வளர்ந்ததும் படித்ததும் இந்தியாவில், மண்டபம் முகாமில். தகப்பன் அங்கேயே காய்ச்சலில் கண்ணை மூடினார். போர் நின்றுவிட்டது, றோட்டுத் திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் கத்தரீனா ஒரு கிழமைகூடப் பொறுக்கவில்லை. பத்தொன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு தன் தமையன் அருளப்பு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அருளப்பு கடற்றொழிலாளி. இடம்பெயர்ந்து குருநகரில் இருந்துவிட்டு, ஒரு வருடத்துக்கு முன்னர்தான் குடும்பத்தோடு ஊருக்கு வந்து, பாதிச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வீட்டை நிமிர்த்தியிருந்தார். அவர் மனைவி அல்போன்சம்மா வாய் கொஞ்சம் பெரியவள், மனமும் அப்படித்தான். வந்த அன்றே ஜெனீற்றாவைத் தன் மகள்மாருடன் ஒரே பாயில் படுக்கப் போட்டாள். மருமகள் வாய் திறந்தபோதுதான் அவளுக்குத் திடுக்கிட்டது. முகாம் குடிசையில் தாயோடு என்னதான் ஊர்ப் பாஷை கதைத்தாலும், பள்ளிக்கூடமும் தோழிகளும் இராமநாதபுரத்துத் தமிழ். ஜெனீற்றாவுடைய நாக்கு அந்தப் பக்கத்துக்கே போய்விட்டது. "இன்னைக்கு ரொம்ப சூடா இருக்குல்ல, மாமி" என்று அவள் சொல்ல, அல்போன்சம்மாவின் மகள்மார் படத்தில் நடிகை கதைப்பதைப் போல வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

கோயில் வளவுக்குள் இருந்த பழைய மண்டபத்தில் அப்போது சறோஜினிதேவி சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நேசறியைத் தொடங்கியிருந்தாள். முப்பத்தைந்து வயதுக்காரி, வேதக்காரரும் சைவக்காரருமாக ஊரில் எல்லாரும் மதிக்கிற பெண். எந்த அரசாங்கக் கந்தோரில் எந்தக் கதவைத் தட்டினால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளைப் பார்க்க இன்னொரு கை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவள், அருளப்புவின் மருமகள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவள் என்று கேள்விப்பட்டு அவளை வரச் சொன்னாள்.

அந்த நேசறியில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் மண்டைதீவுப் பிள்ளைகள் என்றாலும், ஒருவரும் மண்டைதீவில் பிறந்தவர்கள் அல்ல. ஒன்று குருநகரில் பிறந்தது, ஒன்று வன்னியில், இரண்டு மன்னாரில், ஒன்று கொழும்பில். ஒரே தின்பண்டத்துக்கு ஒரு பிள்ளை விசுக்கோத்து என்றது, மற்றது பிஸ்கட் என்றது, மூன்றாவது கையை மட்டும் நீட்டியது. இப்படி இருக்கிற இடத்தில் தன்னுடைய பாஷையும் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் ஜெனீற்றா நினைத்தாள்.

அங்கே ஜெகதீஸ் என்று ஒரு பிள்ளை. நாலு வயது. கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தாய் பிரேமினி நண்டுக் கொம்பனியில் வேலை செய்து அவனை வளர்த்தாள். ஜெகதீஸ் கதைக்க மாட்டான். ஊமை இல்லை, தாயோடு மட்டும் இரண்டொரு சொல். மற்றவர்களிடம் அதுவும் இல்லை. ஒருநாள் மத்தியானம் ஜெனீற்றா அவனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வேலிக்கு வெளியே நின்ற ஒரு ஆட்டுக்குட்டியைக் காட்டி ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னான். தங்களிடமும் ஒரு குட்டி இருக்கிறது, அதற்குக் காது கறுப்பு, அது தன்னுடைய சோற்றைத் தின்கிறது என்று அவன் சொல்லச் சொல்ல ஜெனீற்றாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பிரேமினி வந்தபோது ஓடிப்போய்ச் சொன்னாள்:

"அக்கா, இன்னைக்கு உங்க பையன்கூட நல்லாப் பேசினேன். ரொம்ப நேரம் பேசினேன்."

பிரேமினியின் முகம் வெளிறியது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அடுத்த நாள் ஜெகதீஸ் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அல்போன்சம்மா கிணற்றடியில் இருந்து வேகமாக வந்தாள்.

"பிள்ளை, நீ பிரேமினியின்ரை பொடியனைப் பேசினனியோ?"

"ஆமா மாமி. அவன் எவ்வளவு அழகாப் பேசினான் தெரியுமா?"

அல்போன்சம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்துவிட்டாள். பிறகு ஆறுதலாகச் சொன்னாள். "இஞ்சை பேசிறதெண்டால் ஏசிறது, பிள்ளை. சும்மா வாயைத் திறந்து சொல்லிறது கதைக்கிறது. நீ அவளுக்குச் சொன்னது என்ன தெரியுமோ? உன்ரை பிள்ளையையும் நல்லா ஏசிப்போட்டன், கனநேரம் ஏசினனான் எண்டு."

படம் பார்க்கிற ஊர்தான் அது. திரையில் ஒருத்தி பேசினேன் என்றால் பிரேமினிக்கும் விளங்கும். ஆனால் தகப்பன் இல்லாத, வாய் திறக்காத தன் ஒரே பிள்ளையைப் பற்றிய பேச்சு அது. அந்தச் சொல் அவள் காதுக்குள் போகும்போதே காயத்தில் பட்டுவிட்டது. அல்போன்சம்மா அன்று பின்னேரமே போய் விளக்கம் சொன்னாள். பிரேமினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தனக்கு விளங்குகிறது, கோபம் ஒன்றும் இல்லை என்றாளாம். ஆனால் பிள்ளையை அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு ஜெனீற்றாவுக்கு வாய் திறக்கப் பயம் வந்துவிட்டது. எந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறதோ என்று ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். பார்த்து முடிவதற்குள் சொல்ல வேண்டிய நேரம் போய்விடும். பிள்ளைகளுக்குக் கதை சொல்வதைச் சறோஜினிதேவியிடம் விட்டுவிட்டு, கதைக்கத் தேவையில்லாத வேலைகளாகப் பார்த்துத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். கை கழுவ வைப்பது, படம் கீற வைப்பது, விளையாட்டு. விளையாட்டிலும் சொல் குறைந்த விளையாட்டாகத் தேடினாள். அப்படித்தான் முகாமில் விளையாடின ஸ்டாச்சு அவளுக்கு நினைவு வந்தது. எல்லாரும் ஓட வேண்டும். ஒருத்தி ஸ்டாச்சு என்று கத்தினால் ஓடினவர்கள் ஓடினபடியே சிலையாக நின்றுவிட வேண்டும். அவள் வந்து தொடும்வரை அசையக்கூடாது. அசைந்தவன் தோற்றான். ஒரு சொல் போதும், அந்த ஒரு சொல்லில் பிழை பிடிக்க ஆளில்லை.

பிழை பிடிக்க ஆளில்லை என்றாலும், சொல் அவள் கொடுத்தபடி இருக்கவில்லை. முதல் எழுத்து பிள்ளைகளின் வாய்க்கு வளையவில்லை. ஒன்று இஸ்தாச்சு என்றது, ஒன்று சித்தாச்சு என்றது. ஊரில் பெரிய பொடியள் கோடு கீறி மறித்து விளையாடுகிற தாச்சி விளையாட்டை எல்லாப் பிள்ளைகளும் வேலியோரம் நின்று பார்த்தவர்கள். அந்தச் சொல் வந்து இந்தச் சொல்லைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் எல்லா வாயிலும் தாச்சு என்று வந்து நின்றது. ஜெனீற்றாவும் தாச்சு என்றே கத்தத் தொடங்கினாள்.

ஒருநாள் மன்னாரில் இருந்து வந்த ஒரு சின்னப் பெட்டை அழுதுகொண்டு ஓடி வந்து அவளுடைய பாவாடையைப் பிடித்தாள். "ரீச்சர், அவன் தாச்சேல்லை. நான் தாச்சினனான், அவன் தாச்சேல்லை."

ஜெனீற்றா அழுகிற பிள்ளையைத் தேற்றுவதை மறந்து சிரித்தாள். முகாமில் அது ஒரு கட்டளை மட்டும்தான். தாச்சினேன், தாச்சவில்லை என்று அங்கே ஒருவரும் சொன்னதில்லை. இந்தப் பிள்ளைகள் அதற்குக் கால் முளைக்க வைத்து, தங்கள் தாய்மாரின் பாஷையில் நடக்க விட்டிருந்தார்கள். இந்த ஊருக்கு வந்து சில மாதமாக அவளால் செய்ய முடியாததை அந்தச் சொல் செய்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் தனியாக நடந்தபடி அவளும் சொல்லிப் பார்த்தாள்: வந்தனான், போனனான், தாச்சினனான். கடைசிச் சொல்தான் வாய்க்குச் சுகமாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் வந்தன.

ஜெகதீஸ் திரும்பி வந்ததும் இந்த விளையாட்டால்தான். நேசறி விட்டு வருகிற பிள்ளைகள் ஒழுங்கையிலும் தாச்சு விளையாடினார்கள். படலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் வெளியே வந்து, யாரோ கத்தியதும் ஒற்றைக் காலில் நின்றான். உடம்பு ஆடியது, சிரிப்பு வந்தது, ஆனால் அவன் காலை ஊன்றவில்லை. பிரேமினி உலையில் அரிசி போட வந்தவள், அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு அரிசிச் சுளகோடு வாசலில் நின்றாள். மறுநாள் காலை தானே அவனைத் தோய வார்த்துக் கூட்டிக்கொண்டு வந்து நேசறி வாசலில் விட்டாள். ஜெனீற்றாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். கதைக்கவில்லை.

விளையாட்டு வீடுகளுக்குள் போனதும் வில்லங்கம் தொடங்கியது. முழுகக் கூப்பிட்டால் பிள்ளை கிணற்றடியில் சிலையாக நின்றது. அடிக்கக் கை ஓங்கின தகப்பனைப் பார்த்து ஒரு வாண்டு தாச்சு என்று கத்த, அவர் ஓங்கின கையோடு திகைத்து நிற்க, வீட்டுக்காரர் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மாதக் கூட்டத்தில் எழும்பி நின்று, இவ்வளவு பாடுபட்டது எங்கள் பாஷையைக் காப்பாற்றத்தான், கடைசியில் பிள்ளைகள் பொருள் இல்லாத சொல்லைக் கத்திக்கொண்டு திரிகிறார்கள், இது எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும் என்றார். எல்லாரும் ஜெனீற்றாவைப் பார்த்தார்கள்.

கூட்டம் முடிந்த பிறகு சறோஜினிதேவி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். மண்டபத்துக்குக் கூரை போடும் வேலை பாதியில் நின்றது. பெற்றோர் கைகொடுக்காவிட்டால் மழைக்கு முன் அது முடியாது. அவள் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு அதிலை ஒரு பிழையும் தெரியேல்லை. ஆனா கூரை முடியுமட்டும் அந்த விளையாட்டை விடும். என்னோடை கோவிக்காதையும்."

ஜெனீற்றா ஓம் என்றாள். வந்த நாளில் இருந்து ஆமா என்று சொன்ன வாய் அன்றுதான் முதல்முதலாக ஓம் என்றது. அதைச் சறோஜினிதேவியும் கவனித்தாள், அவளும் கவனித்தாள். இரண்டு பேருக்கும் அன்று அது சந்தோசமாக இருக்கவில்லை.

மழை வந்து போனது. கூரையும் முடிந்தது. தை மாதத்தில் ஒரு வெயில் நாளில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சிப்பி பொறுக்க வைக்கலாம் என்று இரண்டு ரீச்சர்மாரும் வெளிக்கிட்டார்கள். நாலைந்து தாய்மாரும் கூட வந்தார்கள், பிரேமினியும் ஒருத்தி. கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு பக்கம் பனங்காணி. அதில் மிதிவெடி இருக்கிறது என்று வெடி அகற்றுகிற ஆட்கள் முளை அடித்து, சிவப்பு வெள்ளைப் பட்டி கட்டி, மண்டையோட்டுப் படம் தூக்கியிருந்தார்கள். மூலையில் இருந்து தொடங்கி, கையகலம் கையகலமாக நிலத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பட்டியை மழைக்காலத்துக் காற்று ஓரிடத்தில் அறுத்துவிட்டிருந்தது. அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஜெகதீசின் கறுப்புக் காது ஆட்டுக்குட்டி அவனுக்குப் பின்னாலேயே வந்து, அந்த இடைவெளியால் உள்ளே போய்ப் புல்லில் வாயை வைத்தது.

பிள்ளை எப்போது கையை விட்டான் என்று பிரேமினிக்குத் தெரியாது. பார்த்தபோது அவன் முளைகளுக்கு அங்காலே, குட்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

பிரேமினி அவனுடைய பெயரைச் சொல்லி உரக்கக் குளறினாள். தாய் குளறினால் அடி விழும் என்று அவனுக்குத் தெரியும். அவன் இன்னும் வேகமாக ஓடினான். நில்லடா, வாடா, ஓடாதே என்று ஆளுக்கொன்றாகத் தாய்மார் கத்தினார்கள். பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எல்லாரும் சேர்ந்து தன்னைப் பிடிக்க விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டான். ஜெனீற்றா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அவளுக்குப் பின்னால் நின்று சறோஜினிதேவி அடிவயிற்றில் இருந்து கத்தினாள்.

"தாச்சு!"

ஜெகதீஸ் நின்றான். ஒரு கை குட்டியை நோக்கி நீண்டபடி, வாய் பாதி சிரித்தபடி, நட்டுவைத்த கல்லைப் போல நின்றான். கடற்கரை வழியில் நின்ற மற்றப் பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். ஆட்டுக்குட்டி மட்டும் புல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது.

வெடி அகற்றுகிறவர்களில் அம்புறோஸ் என்று ஒரு இளைஞன், பேசாலைப் பக்கத்துப் பொடியன், அவர்களுக்குக் கிட்ட நின்றான். அவன் ஒருவரையும் அசைய வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கருவியோடு முழங்காலில் இருந்து, பிள்ளையை நோக்கி நிலத்தைப் பார்த்துப் பார்த்து நகரத் தொடங்கினான். அது கெதியாகச் செய்கிற வேலை இல்லை. வெயில் ஏறியது. பிள்ளையின் நீட்டின கை நடுங்கத் தொடங்கியது. கண்ணால் நீர் ஓடியது. அசையவில்லை. தொட்டால்தான் விடுதலை என்பது அவனுக்குத் தெரியும்.

அப்போது ஜெனீற்றாவுக்குக் குரல் திரும்பி வந்தது. அவள் பட்டியின் ஓரத்தில் குந்தி இருந்து அவனோடு கதைத்தாள். குட்டிக்குக் காது ஏன் கறுப்பு என்று ஒரு கதை கட்டினாள். நீ நிற்கிற மாதிரி இந்த நேசறியில் ஒருவரும் நின்றதில்லை என்றாள். என்ன பாஷையில் சொல்கிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. இராமநாதபுரமும் மண்டைதீவும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து வந்தன. பிள்ளை அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்புறோஸ் கிட்டப் போனதும் அவனைத் தூக்கப் பார்த்தான். ஜெனீற்றா இங்கிருந்து சொன்னாள், "தோளிலை தொடுங்கோ அண்ணை. தொட்டாத்தான் அவன் அசைவான்." அம்புறோஸ் ஒரு கணம் விளங்காமல் பார்த்தான். பிறகு கையுறையைக் கழற்றி, தோளில் மெல்லத் தொட்டான். பிள்ளை அப்படியே அவன்மேல் சரிந்து விழுந்தான்.

பிரேமினி மகனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மணலில் கனநேரம் இருந்தாள். மற்றவர்கள் சறோஜினிதேவியைச் சூழ்ந்து நிற்க, பிரேமினி எழும்பி ஜெனீற்றாவிடம் வந்தாள்.

"எனக்கு வாய் வரேல்லை. நீர்தான் அவ்வளவு நேரமும் அவனோடை நிண்டீர்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேண்டுமென்றே, சொல்லை நிறுத்தி எடுத்து வைப்பதைப் போலச் சொன்னாள். "இனி ஒவ்வொரு நாளும் அவனோடை பேசும். உம்மடை மாதிரிப் பேசும்."

அந்தக் காணியில் பிறகு நாலு மிதிவெடி எடுத்தார்கள். குட்டியை அம்புறோஸ்தான் கொண்டுவந்து கொடுத்தான்.

அதற்குப் பிறகு தாச்சு என்ற சொல்லை ஊரில் ஒருவரும் தடுக்கவில்லை. தடுத்தாலும் நின்றிருக்காது. பிள்ளைகளிடம் இருந்து அது தாய்மாருக்கு வந்தது, தாய்மாரிடம் இருந்து கடலுக்குப் போனது. நடுக்கடலில் அருளப்புவின் எஞ்சின் நின்றபோது, கூடப் போனவர் கரைக்குச் சொல்லி அனுப்பின செய்தி, அருளப்பர் தாச்சிட்டார் என்பதுதான். மினிபஸ் பண்ணை றோட்டில் பழுதாகி நின்றால் அது தாச்சு. சீதனத்தில் இழுபட்டு நிற்கிற கலியாணம் தாச்சு. மாதக் கூட்டத்தில் கோபப்பட்ட அதே மனிதர், தன் காணி வழக்கு மூன்று வருடமாகக் கோட்டில் தாச்சிலே நிற்கிறது என்று சுவாமியாரிடம் முறையிட்டதைச் சறோஜினிதேவி தன் காதால் கேட்டாள். வந்து ஜெனீற்றாவிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனீற்றா பூசை முடிந்து பிள்ளைகளோடு நின்றுவிட்டுப் பிந்தி வீட்டுக்கு வந்தாள். வாசலில் தெரியாத செருப்புகள். குசினிப் பக்கத்தால் அல்போன்சம்மா ஓடிவந்து அவளை மறித்தாள்.

"பிள்ளை, முகத்தைக் கழுவிப்போட்டு வா. பேசாலையிலை இருந்து ஆக்கள் வந்திருக்கினம், உன்னைப் பேச."

ஜெனீற்றா வாசலிலேயே நின்றுவிட்டாள். தான் என்ன பிழை செய்தேன், யாருடைய பிள்ளைக்கு என்ன நடந்தது, அவ்வளவு தூரத்தில் இருந்து ஏன் ஆட்கள் வந்து தன்னை ஏச வேண்டும் என்று மளமளவென்று யோசித்தாள். கண்ணும் கலங்கிவிட்டது. அல்போன்சம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தாள். கலியாணம் பேச வந்திருக்கினம், அம்புறோசின் தாயும் தகப்பனும் வந்திருக்கினம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், உள்ளே கதிரையில் இருந்த அம்புறோஸ் எட்டிப் பார்த்துவிட்டான். அழுகிற கண்ணோடு அவனைப் பார்த்ததும் ஜெனீற்றாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று இரவு தாய்க்குப் பக்கத்தில் படுத்திருந்து யோசித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. பேசுகிறது என்றதும் தன் காதில் முதலில் விழுந்தது ஏச்சு. இந்த ஊர்க்காரிக்கு விழுகிற மாதிரியே விழுந்தது. எப்போது அப்படி மாறியது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கலியாணம் முடிந்து அம்புறோஸ் மண்டைதீவிலேயே தங்கினான். பிறகு காலம் கெட்டது. இரண்டாயிரத்து ஆறில் போர் திரும்பத் தொடங்கி, றோட்டுப் பூட்டினார்கள். சாமான் விலை ஏறியது. கடலுக்குப் போகத் தடை வந்தது, எடுத்தார்கள், பிறகும் வந்தது. காலையில் இறங்குதுறைக்குப் போனவர்கள் வலையோடு திரும்பி வந்து, கடல் தாச்சு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போவார்கள். சிரித்துச் சொன்ன சொல் வீட்டில் உலை இல்லாத சொல்லாகிவிட்டதே என்று ஜெனீற்றாவுக்குச் சில நாள் அந்தச் சத்தமே வெறுத்தது. ஆனாலும் காலையில் நேசறி நடந்தது. பிள்ளைகள் அதே சொல்லைக் கத்திக்கொண்டு வெயிலில் ஓடினார்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை வேலைக்குப் போக முடியாத ஆண்கள் ஆலமரத்துக்குக் கீழே இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். புங்குடுதீவுக்காரர் ஒருவர் தாச்சு என்பது ஒல்லாந்தர் காலத்துச் சொல் என்றார். கோட்டைக் காவல்காரன் ஆட்களை நிறுத்தச் சொல்கிற சொல்லாம். இல்லை, அது பழைய வலைத்தொழில் சொல், தன் பாட்டன் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று அருளப்பு சத்தியம் செய்தார். தண்ணீர் கொண்டுபோன ஜெனீற்றா இரண்டு பேரையும் பார்த்தாள். செம்பை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்தச் சொல்லுக்கு ஒரு பாட்டன் கிடைத்தது நல்லதுதான் என்று அம்புறோசிடம் சொன்னாள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு போர் முடிந்தது. கார்த்திகையில் வன்னி முகாம்களில் இருந்து ஆட்களை ஊர்களுக்கு விடத் தொடங்கினார்கள். மண்டைதீவுக்கும் சில குடும்பங்கள் வந்தன. அப்படி வந்த ஒருத்தி தன் ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேசறிக்கு வந்தாள். பிள்ளைக்கு நிலாந்தினி என்று பெயர். தகப்பன் இன்னும் வரவில்லை, எங்கே என்று தேடுகிறார்கள் என்று தாய் சொன்னாள். பிள்ளை கதைக்காது, வெடிச்சத்தம் மாதிரி ஏதும் கேட்டால் மேசைக்குக் கீழே போய்விடும், பிழையாக நினைக்கவேண்டாம் என்றாள். ஜெனீற்றா அந்தத் தாயைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். அவளுக்கும் இப்போது மூன்று வயதில் ஒரு மகன் இருந்தான்.

ஒரு கிழமைக்குப் பிறகு பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். வற்றுக்கடல். ஈர மணல் முழுக்கச் சின்ன நண்டுகள். காலடிச் சத்தம் கேட்டதும் அவை தங்கள் வளைகளுக்குள் சரசரவென்று இறங்கின. நிலாந்தினி நின்றாள். ஒரு வளையைக் குனிந்து பார்த்தாள். விரலை நீட்டி, வந்த நாளில் இருந்து முதல்முறையாக வாய் திறந்து, ஒரு சொல் சொன்னாள்.

"பங்கர்."

ரீச்சர்மார் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குண்டு விழும்போது பதுங்க வன்னியில் வெட்டின குழி அது. அந்தச் சொல்லுக்குள் அந்தப் பிள்ளை எத்தனை நாள் இருந்தாளோ, யாரோடு இருந்தாளோ தெரியாது. சறோஜினிதேவி கிட்ட வந்து, அதை வளை என்று சொல்லிக் கொடுப்போமா, அந்தச் சொல் பிள்ளையின் வாயில் இருப்பது நல்லதா என்று மெல்லிய குரலில் கேட்டாள். ஜெனீற்றா வேண்டாம் என்றாள். "அக்கா, அவளிட்டை இருக்கிறது அதுதான். கொண்டுவந்தவளுக்குத் தெரியும் அதை எங்கை வைக்கிறதெண்டு."

மற்றப் பிள்ளைகளுக்கு அது புதுச் சொல். புதுச் சொல் என்றால் அவர்களுக்கு இனிப்பு மாதிரி. நண்டுப் பங்கர், நண்டுப் பங்கர் என்று சொல்லிக்கொண்டு மணல் முழுக்கத் தேடினார்கள். அடுத்த முறை போனபோது தாங்களே தோண்டத் தொடங்கினார்கள். எப்படித் தோண்டுவது என்று நிலாந்தினிக்குத்தான் தெரியும். முதலில் கையால் காட்டினாள், பிறகு வாயால் சொன்னாள். மண் சரியாமல் ஓரத்தை அமர்த்து, மேலே ஓலை போடு, வாசலை வளைத்து விடு என்று அவள் சொல்ல, மற்றவர்கள் அவளுடைய சொல்லுக்கு ஓடினார்கள். யாரோ ஒரு சிப்பியைக் கொண்டுவந்து யன்னல் என்று குத்தி வைத்தான். பங்கருக்கு யன்னல் இல்லை என்று நிலாந்தினி அதைப் பிடுங்கி எறிந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானே போய் அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மாசி மாதம் வந்தபோது அந்தக் கரையில் பங்கர்களுக்கு யன்னல் இருந்தது, முற்றம் இருந்தது, ஒன்றுக்குச் சங்குப் பூவில் ஒரு பூந்தோட்டமும் இருந்தது. ஒரு நாள் ஜெனீற்றாவின் மகன் அவளுடைய கையைப் பிடித்து இழுத்து, அம்மா, பங்கர் எண்டால் நண்டின்ரை வீடுதானே என்று கேட்டான். அவள் நிலாந்தினியைப் பார்த்தாள். நிலாந்தினி முழங்கால் வரை மணலாக, தலையை நிமிர்த்தாமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"ஓம்," என்றாள் நிலாந்தினி. "ஆனா நண்டு இன்னும் வரேல்லை. சத்தம் போடாமல் இருங்கோ, வரும்."

பிள்ளைகள் எல்லாரும் வாசலைப் பார்த்தபடி மணலில் குப்புறப் படுத்தார்கள்.